கிளைமேட் அடாப்டேஷன்ல பிஜி படிக்கணுமா? எதைப் படிக்கிறது, எங்க சேர்றது, காசுக்கு என்ன வழி – முழு வழிகாட்டி

"கிளைமேட் சேஞ்ச்ல மாஸ்டர்ஸ் பண்ணலாம்னு இருக்கேன், எந்த யுனிவர்சிட்டி பெஸ்ட்?" இப்படி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ஒன்னுதான், உங்களுக்கு எந்தப் பிரச்சனை மேல கண்ணு? வெயிலா, வெள்ளமா, கடலரிப்பா, பயிரா, குடிதண்ணியா? இதுக்குப் பதில் இல்லாமலே அப்ளை பண்ணி, அட்மிஷன் வாங்கி, லோன் போட்டுப் போயிட்டு, கடைசி செமஸ்டர்ல தீசிஸ் டாபிக் கேட்டப்ப முழிக்கிறவங்க நிறைய பேர். அதனால யுனிவர்சிட்டி பேரெல்லாம் இந்த கைடுல பாதிக்கு அப்புறம்தான் வரும். அவசரம்னா ஸ்க்ரோல் பண்ணிக்கோங்க, ஆனா உங்க காசைக் காப்பாத்தப்போறது முதல் பாதிதான்.

அடாப்டேஷன்னா எந்த வேலை

கார்பன் வெளியேறுறதைக் குறைக்கிறது, சோலார், எலெக்ட்ரிக் வண்டி, கார்பன் கிரெடிட், இதெல்லாம் மிட்டிகேஷன். வெப்பம் ஏறிக்கிட்டு இருக்கு, மழை வர்ற விதம் மாறிடுச்சு, இதுக்கு நடுவுல ஊர், பயிர், ஆஸ்பத்திரி, ரோடு, கூலி வேலைக்குப் போறவங்க உடம்பு எல்லாம் எப்படித் தாக்குப்பிடிக்கிறதுங்கிறது அடாப்டேஷன். காலநிலை ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்ற ஐநா குழு ஐபிசிசில இதுக்குன்னே ரெண்டாவது பணிக்குழு இருக்கு, 2022 பிப்ரவரில வந்த அவங்க அறிக்கைதான் இப்போதைக்கு இந்தத் துறையோட பாடப்புத்தகம் மாதிரி. முழு அறிக்கை 3,000 பக்கத்துக்கு மேல, அதைத் தொடவேணாம். கொள்கை வகுக்கிறவங்களுக்குன்னு ஒரு சுருக்கம் இருக்கு, முப்பது சொச்சம் பக்கம், இலவசம். அதை ஒரு வாரம் வச்சுப் படிச்சுப் பாருங்க, தலை சுத்துனா பரவால்ல, ஆனா சுத்தமா இன்ட்ரஸ்ட்டே வரலைன்னா இந்தப் படிப்பு உங்களுக்கு வேணாம்னு ஒரு பைசா செலவில்லாம தெரிஞ்சிடும்.

அடாப்டேஷனுக்கு உதாரணம் கேட்டா நான் ஒடிசாவைத்தான் காட்டுவேன். 1999 சூப்பர் புயல்ல அங்க சுமார் 10,000 பேர் செத்தாங்க. 2013ல பைலின் வந்தப்ப பத்து லட்சம் பேர் கிட்ட வெளியேத்தினாங்க, சாவு பத்துக் கணக்குல நின்னுச்சு. நடுவுல 14 வருஷம் என்ன நடந்துச்சுன்னு பாத்தா புயல் பாதுகாப்பு மையம் கட்டினது, எச்சரிக்கை கடைசி ஊர் வரைக்கும் போய்ச் சேர வழி பண்ணது, ஊர் ஊருக்கு வாலன்டியர் பயிற்சி குடுத்தது, ஆடு மாட்டை விட்டுட்டு வரமாட்டேன்னு நிக்கிறவங்கள எப்படிக் கூட்டிட்டு வர்றதுன்னு யோசிச்சது. இதுல வானிலை படிச்சவரும் இருக்கார், சிவில் இன்ஜினியரும் இருக்கார், ஐஏஎஸ் ஆபீசரும் இருக்கார், சமூகவியல் படிச்சவங்களும் இருக்காங்க. அதனாலதான் "இந்த ஒரு டிகிரி படிச்சா நீங்க அடாப்டேஷன் ஆளு"ன்னு யாராலயும் சொல்ல முடியல.

இன்னொரு குழப்பமும் இருக்கு. கம்பெனிங்களோட சுற்றுச்சூழல், சமூகக் கணக்கை அறிக்கையா எழுதுற இஎஸ்ஜி, சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட்டிங் வேலையும் கிளைமேட் வேலைன்னுதான் லிங்க்ட்இன்ல வருது. சம்பளம் அங்க நல்லா இருக்கு, தப்பே இல்ல. ஆனா அதுக்கு அடாப்டேஷன் படிச்சுட்டுப் போனா சுத்தி வளைச்சுப் போற மாதிரி, அதுக்கு நேரா ஃபைனான்ஸ் இல்ல கார்பன் அக்கவுண்டிங் பக்கம் போயிடுங்க.

பிரச்சனையை முதல்ல பிடிங்க

இந்தப் படிக்கு ஒரு மாசமாவது குடுங்க, ரெண்டு மாசம் ஆனாலும் பரவால்ல.

வெயில்னு எடுத்தா, அகமதாபாத்ல 2010 மே மாசம் வந்த வெப்ப அலைல வழக்கத்தை விட 1,300க்கும் மேல அதிகமா சாவு பதிவாச்சு, அதுக்கப்புறம்தான் 2013ல அந்த நகராட்சி வெப்பச் செயல்திட்டம் போட்டுச்சு, தெற்காசியாவுல அதுதான் முதல்னு சொல்றாங்க. தமிழ்நாடு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சுது, அதாவது வெயில்ல செத்தவங்க குடும்பத்துக்கு நிவாரணம் குடுக்க வழி பொறந்துச்சு. ஆனா ஒருத்தர் வெயிலாலதான் செத்தார்னு எந்த டாக்டர் எப்படி எழுதுவார், வேதாரண்யத்துல தூத்துக்குடில உப்பளத்துல நிக்கிறவங்களுக்கு மத்தியானம் வேலையை நிறுத்தச் சொன்னா அன்னைக்குக் கூலி யார் குடுப்பா, இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சிக் கேள்விதான். உப்பளத் தொழிலாளிங்களுக்கு வர்ற சிறுநீரகப் பாதிப்பு பத்தி சென்னை ஸ்ரீ ராமச்சந்திரால ஆய்வு பண்ணியிருக்காங்க, தேடிப் படிங்க. இந்தப் பக்கம் போறவங்களுக்குப் பப்ளிக் ஹெல்த், புள்ளியியல் ரெண்டும் வேணும்.

கடற்கரைன்னா கேள்வியே வேற. நம்ம கிழக்குக் கடற்கரைல மணல் மொத்தத்துல தெற்குல இருந்து வடக்கா நகருது. நடுவுல எங்கயாவது கல்லைப் போட்டு மறிச்சா தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் ஊரைக் கடல் தின்னும். சென்னை துறைமுகத்தால மெரினா அகலமாச்சு, ராயபுரத்துக்கு வடக்கால கரை போச்சு, புதுச்சேரிலயும் துறைமுகம் வந்தப்புறம் பீச் காணாம போச்சு. இது கிளைமேட்டால வந்தது இல்ல, ஆனா கடல் மட்டம் ஏற ஏற ஒவ்வொரு ஊரும் தூண்டில் வளைவு (கடலுக்குள்ள நீட்டிப் போடுற கல் சுவர்) கேக்குது, ஒரு ஊருக்குப் போட்டா அடுத்த ஊர் அழியுது. மால்அடாப்டேஷன்னு (தப்பான தகவமைப்பு) கிளாஸ்ல சொல்லிக்குடுக்குறது இதைத்தான், ஒருத்தரக் காப்பாத்துறேன்னு இன்னொருத்தர் தலைல கட்டுறது. இன்னொரு பக்கம் பிச்சாவரத்துல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீன்முள் வடிவத்துல வாய்க்கா வெட்டி அலையாத்திக் காட்டை மீட்டது, மன்னார் வளைகுடால வான் தீவு கரைஞ்சு போகாம இருக்கச் செயற்கைப் பவளத்திட்டு இறக்கினது, இந்த மாதிரி வேலையும் இருக்கு. கடலியல், ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல வரைபடமும் இடம் சார்ந்த டேட்டாவும் கையாள்றது), மீனவர் வாழ்க்கை மூணும் தெரிஞ்ச ஆளு ரொம்பக் கம்மி, இதைப் படிக்கிறவங்களுக்கு என் ஓட்டு எக்ஸ்ட்ரா.

விவசாயம்னா டெல்டால தண்ணில மூழ்கினாலும் தாங்குற சிஆர் 1009 சப் 1 மாதிரி நெல்லு, 2018 கஜால சாஞ்ச தென்னந்தோப்புக்குப் பதிலா என்ன வைக்கிறது, பயிர்க் காப்பீடு, கடைமடைல ஏறுற உப்பு. நகரம்னா 2015 சென்னை வெள்ளம், 2019ல அதே சென்னைல குடிக்கத் தண்ணியில்லாம லாரி பின்னாடி ஓடினது, நாலே வருஷ இடைவெளில ரெண்டும் நடந்துச்சுன்னா அது மழைப் பிரச்சனையா நிலப் பயன்பாட்டுப் பிரச்சனையான்னு யோசிக்கிறவங்களுக்கு நகர்ப்புறத் திட்டமிடல் படிப்பு. பணம் எங்க இருந்து வருது எங்க போகுதுங்கிறது இன்னொரு தனி உலகம், அதைப் பத்தி கீழ வேலைவாய்ப்புல சொல்றேன்.

ஒன்னைப் பிடிச்சாச்சா? இப்ப ஒரே ஒரு கேள்வியா எழுதுங்க, ரெண்டு வரி போதும்.

உங்க யுஜியும் கதவும்

சிவில், அக்ரி, ஜியாலஜி, ஜியாகிரஃபி, எகனாமிக்ஸ், ஆர்க்கிடெக்சர், சோஷியல் ஒர்க், யாருக்கும் கதவு மூடலை. ஆனா ஒரே கதவு எல்லாருக்கும் திறக்காது. ஜெர்மனி ஹாம்பர்க் மாதிரி இடத்துல கிளைமேட் சயின்ஸ் மாஸ்டர்ஸுக்குக் கணக்கும் ஃபிசிக்ஸும் யுஜில இத்தனை கிரெடிட் படிச்சிருக்கணும்னு பாப்பாங்க, பிஏ ஆளுங்க அங்க முட்டிக்கிட்டு நிக்க வேணாம். இன்னொரு விஷயம், ஐரோப்பால சில இடத்துல நம்ம மூணு வருஷ டிகிரிய முழு பேச்சலரா எடுத்துக்க மாட்டாங்க, அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி அட்மிஷன் ஆபீசுக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிடுங்க. பிஇ, பிடெக், அக்ரிகாரங்களுக்கு நாலு வருஷம், இந்தத் தொல்லை இல்ல.

சிலபஸைப் படிக்கிறது எப்படி

கோர்ஸ் பேரை நம்பாதீங்க. "கிளைமேட் சேஞ்ச்"னு பேர் வச்சிட்டு உள்ள முழுக்க எனர்ஜி பாலிசியா இருக்கிற கோர்ஸ் இருக்கு. மாட்யூல் லிஸ்டைத் திறந்து வச்சு இந்தக் கேள்வியெல்லாம் போட்டுப் பாருங்க.

ரிஸ்க் பத்தி என்ன சொல்லித்தர்றாங்க? 2007 ஐபிசிசி அறிக்கை வரைக்கும் பாதிப்புக்குள்ளாகும் தன்மையை மூணா பிரிப்பாங்க, எவ்வளவு அடி விழுது, எவ்வளவு உறைக்குது, எவ்வளவு தாங்கிக்க முடியுதுன்னு. 2014 அறிக்கைல அதை மாத்தி ரிஸ்க்ங்கிறது இயற்கை அபாயம், அதுக்கு எதிர்ல யார் எது நிக்குது, அவங்க எவ்வளவு பலவீனமா இருக்காங்க, இந்த மூணும் சேர்ற இடம்னு வச்சாங்க. மேலோட்டமா பாத்தா வார்த்தை விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனா நீங்க ஒரு மாவட்டத்துக்கு ரிஸ்க் மேப் போடும்போது எந்தக் கணக்கு எந்தக் கட்டத்துல போகுதுங்கிறதே மாறிடும். இன்னும் பழைய சட்டகத்தை மட்டும் நடத்துற கோர்ஸ்னா அந்த சிலபஸ் தூசி தட்டாததுன்னு அர்த்தம்.

மெத்தட்ஸ் பேப்பர் கட்டாயமா இருக்கா? ஜிஐஎஸ், புள்ளியியல், கள நேர்காணல், இந்த மூணுல குறைஞ்சது ரெண்டு இல்லாத கோர்ஸ் முடிச்சா கட்டுரை எழுதத் தெரியும், வேலை செய்யத் தெரியாது. ஃபீல்ட்ஒர்க் உண்டா, அதுக்கு யார் செலவு? தீசிஸ் எத்தனை கிரெடிட்? நம்ம ஊருக்கு வந்து டேட்டா எடுக்க விடுவாங்களா? அப்புறம் ஃபேகல்ட்டி பேஜுக்குப் போய் உங்க ரெண்டு வரிக் கேள்விக்குப் பக்கத்துல வேலை பண்ற ஆள் ரெண்டு பேராவது இருக்காங்களான்னு பாருங்க. ஒருத்தர் மட்டும் இருந்தா அவர் நீண்ட ஆராய்ச்சி லீவுல (சபாட்டிகல்) போயிட்டா உங்க கதை அதோகதி.

ரேங்கிங் பாக்கலாமான்னு கேப்பீங்க. ஸ்காலர்ஷிப் விதில ரேங்க் கேட்டா பாருங்க, மத்தபடி இந்தத் துறைக்கு அது பெருசா எதுவும் சொல்லாது.

இந்தியாவுல எங்க

மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்துல (டிஸ்) கிளைமேட் சேஞ்ச் அண்ட் சஸ்டெய்னபிலிட்டி ஸ்டடீஸ் ரொம்ப நாளா ஓடுது, அங்கயே பேரிடர் மேலாண்மைக்குத் தனி ஸ்கூலும் உண்டு, சமூகப் பார்வை வேணும்னா இதான் என் முதல் சாய்ஸ், நுழைவு சியுஇடி பிஜிங்கிற தேசியத் தேர்வு வழியா. டெல்லி டெரி ஸ்கூல்ல கிளைமேட் சயின்ஸ் அண்ட் பாலிசி எம்எஸ்சி, அறிவியலும் கொள்கையும் கலந்து இருக்கும், ஃபீஸ் கொஞ்சம் கடிக்கும். பெங்களூரு ஐஐஹெச்எஸ்ல (மனிதக் குடியிருப்புகளுக்கான இந்திய நிறுவனம்) அர்பன் ஃபெலோஸ் புரோகிராம் இருக்கு, அது மாஸ்டர்ஸ் டிகிரி இல்ல, ஆனா நகரம் சார்ந்த அடாப்டேஷன்ல இந்தியாவுல சீரியஸா வேலை பண்ற இடம்னா அதுவும் ஒன்னு, அங்க இருக்கிறவங்க ஐபிசிசி அறிக்கையே எழுதியிருக்காங்க. ஐஐஎஸ்சி திவேச்சா சென்டர், ஐஐடி பாம்பே கிளைமேட் ஸ்டடீஸ் ரெண்டும் ஆராய்ச்சிப் பக்கம், பிஎச்டி எண்ணம் இருந்தா பாருங்க.

தமிழ்நாட்டுக்குள்ளயேன்னா, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம், அக்ரி முடிச்சவங்க அக்ரோமெட்டீரியாலஜில எம்எஸ்சி போகலாம். அண்ணா யுனிவர்சிட்டில நீர்வள மையத்துல எம்இ உண்டு, கிண்டில காலநிலை மாற்றம் மற்றும் பேரிடர் மேலாண்மை மையமும் இருக்கு, அரசுக்கான ரிஸ்க் ஆய்வு நிறைய அங்கதான் நடக்குது. எம்இ நுழைவுக்கு கேட் தேர்வு, அது இல்லைன்னா சீட்டா பிஜிங்கிற மாநில நுழைவுத் தேர்வு. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல என்விரான்மென்டல் எகனாமிக்ஸ் எம்ஏ, இதை ஏன் யாரும் கண்டுக்கறதில்லன்னு தெரியல, அடாப்டேஷனுக்கு எவ்வளவு செலவு யார் குடுக்கிறதுன்னு கணக்குப் போடத் தெரிஞ்ச ஆளுக்கு எப்பவும் தேவை இருக்கு.

வெளிநாடு

பேர்லயே அடாப்டேஷன் இருக்கிற கோர்ஸ் வேணும்னா சுவீடன் லுண்ட் யுனிவர்சிட்டில பேரிடர் ரிஸ்க் மேலாண்மையும் காலநிலைத் தகவமைப்பும் சேந்த ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ். சுவீடனுக்கு எல்லா யுனிவர்சிட்டிக்கும் ஒரே போர்ட்டல், அக்டோபர் நடுவுல திறந்து ஜனவரி நடுவுல மூடும், ஃபீஸ் 900 குரோனா. ஆனா நமக்கு டியூஷன் உண்டு, லுண்ட் குடுக்குற ஸ்காலர்ஷிப் டியூஷனுக்கு மட்டும்தான், சாப்பாடு வாடகை நம்ம பாடு.

ஜெர்மனில பான் யுனிவர்சிட்டியும் ஐநா பல்கலைக்கழகமும் சேந்து சுற்றுச்சூழல் ரிஸ்க்கும் மனிதப் பாதுகாப்பும்னு ஒரு மாஸ்டர்ஸ் நடத்துறாங்க, இங்கிலீஷ்லதான், டியூஷன் கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும். சமூக அறிவியல் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு இதை விட நல்ல டீல் எனக்குத் தெரியல, அதனால போட்டியும் பயங்கரம். நகரத் திட்டமிடல்னா டார்ட்மண்ட் ஸ்பிரிங் கோர்ஸ். பொதுவா ஜெர்மன் அரசு யுனிவர்சிட்டில டியூஷன் இல்லைன்னாலும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. அதோட இந்தியால இருந்து போறவங்க நம்ம டிகிரிய சரிபாத்துத் தர்ற ஏபிஎஸ் சான்றிதழ் வாங்கணும், மாசாமாசம் கொஞ்சம் மட்டும் எடுக்க முடியுற பிளாக்டு அக்கவுண்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், ரூபாய்ல 12 லட்சம் பக்கம் வருது. டியூஷன் இல்லைன்னு சந்தோஷப்பட்டவங்க இந்த இடத்துலதான் உக்காந்துடுவாங்க. இந்தத் தொகை ஏறிக்கிட்டே வருது, அப்ளை பண்ற வருஷம் மறுபடி செக் பண்ணிக்கோங்க.

வெள்ளம்னா ஐரோப்பிய யூனியனோட எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டுப் படிப்புல ஃப்ளட் ரிஸ்க் மேனேஜ்மென்ட், நெதர்லாந்து ஐஹெச்இ டெல்ஃப்ட், டிரெஸ்டன், பார்சிலோனா, லியுப்லியானான்னு ஊர் ஊரா சுத்திப் படிக்கிறது, சிவில்காரங்களுக்கும் ஹைட்ராலஜிகாரங்களுக்கும் பொருத்தம். இங்கிலாந்துல ஈஸ்ட் ஆங்க்லியா, சசெக்ஸ் ரெண்டும் இந்தத் துறைல பழம் தின்னு கொட்டை போட்ட இடம், ஈஸ்ட் ஆங்க்லியாவுலதான் காலநிலை ஆராய்ச்சி பண்ற டின்டால் சென்டர் இருக்கு. ஒரு வருஷத்துல முடிஞ்சிடும், ஆனா ஃபீஸ் மட்டுமே 20,000 பவுண்டுக்கு மேல. படிச்சு முடிச்சு வேலை தேடத் தங்குற விசா ரெண்டு வருஷமா இருந்தது, 2027 ஜனவரில இருந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம்தான்னு சொல்லிட்டாங்க. முழு லோன் போட்டு இங்கிலாந்து போறதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், இந்தத் துறைல ஆரம்ப சம்பளம் அந்த இஎம்ஐயைத் தாங்காது, ஸ்காலர்ஷிப்போட போறதா இருந்தா தாராளமா போங்க.

பக்கத்துலயேன்னா பாங்காக் ஏஐடி (ஏஷியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி), கிளைமேட் சேஞ்ச் அண்ட் சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட் கோர்ஸ் இருக்கு, கூடப் படிக்கிறவங்க வங்காளதேசம், நேபாளம், இலங்கை, வியட்நாம்னு இருப்பாங்க, நம்ம மாதிரியே வெள்ளமும் வெயிலும் பாத்தவங்க. அந்த நெட்வொர்க் பின்னாடி ரொம்ப உதவும்.

காசு எங்க இருந்து

செவ்னிங்: இங்கிலாந்து அரசோட ஸ்காலர்ஷிப், ஆகஸ்ட்ல திறந்து அக்டோபர்ல மூடும், 2,800 மணி நேர வேலை அனுபவம் வேணும், முடிச்சிட்டு ரெண்டு வருஷம் ஊருக்குத் திரும்பியாகணும். இன்டர்ன்ஷிப், பார்ட் டைம், வாலன்டியர் வேலையும் அந்த மணிக்கணக்குல சேரும், நிறைய பேருக்கு இது தெரியாம "எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் பத்தாது"ன்னு விட்டுடுறாங்க.

காமன்வெல்த் ஸ்காலர்ஷிப்புக்கு இந்தியால கல்வி அமைச்சகம் வழியா போகணும், அதுல ஷேர்டுனு ஒரு வகை இருக்கு, அது நேரா அந்த யுனிவர்சிட்டி வழியா, இலங்கைல இருக்கிறவங்களுக்கும் உண்டு. டாட் எபோஸ்: ஜெர்மனியோட கல்விப் பரிமாற்ற அமைப்பு (டாட்) குடுக்குறது, ரெண்டு வருஷ வேலை அனுபவம், கடைசி டிகிரி முடிச்சு ஆறு வருஷத்துக்குள்ள, அவங்க லிஸ்ட்ல இருக்கிற கோர்ஸுக்கு மட்டும், மேல சொன்ன ஸ்பிரிங் அதுல வரும். எராஸ்மஸ் முண்டுஸ் ஸ்காலர்ஷிப் கிடைச்சா டியூஷனும் போய் மாசம் 1,400 யூரோ கைல வரும், இதுக்கு வேலை அனுபவம் கட்டாயம் இல்ல, ஃப்ரெஷர்ஸ் முதல்ல பாக்க வேண்டியது இதைத்தான். ஜப்பான்-உலக வங்கி ஸ்காலர்ஷிப்புக்கு மூணு வருஷ அனுபவம்.

எஸ்சி மாணவர்களுக்கு மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப், இன்னும் சில பிரிவுகளையும் சேத்து வருஷத்துக்கு 125 பேர், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள, வயசு 35க்குள்ள. இதுல ஒரு கண்ணி இருக்கு, இந்தியக் கலாசாரம், வரலாறு, இந்தியாவைப் பத்தின சமூக ஆய்வு இதுக்கெல்லாம் தரமாட்டோம்னு 2022ல விதி கொண்டு வந்தாங்க, அந்த விதியே எனக்கு உடன்பாடு இல்ல, ஆனா அப்ளிகேஷன் எழுதும்போது மனசுல வச்சுக்கோங்க, உங்க டாபிக்ல அறிவியல், தொழில்நுட்பம், ரிஸ்க் பக்கம் முன்னால தெரியட்டும். தமிழ்நாடு ஆதிதிராவிடர் நலத்துறைலயும் அண்ணல் அம்பேத்கர் பேர்ல வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை குடுக்குறாங்க, கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற அந்தத் துறை அலுவலகத்துல நேர்ல போய் கேளுங்க. ஜே.என். டாட்டா என்டோமென்ட் 1892ல இருந்து குடுக்குறது, அது ஸ்காலர்ஷிப் இல்ல, கடன்தான், ஆனா வட்டி ரொம்பக் கம்மி.

அப்ளை பண்றதுக்கு முந்தின வருஷம்

யுஜி முடிச்ச கையோட மாஸ்டர்ஸ் போகாதீங்கன்னுதான் சொல்வேன், முடிஞ்சா ஒரு வருஷம், ரெண்டு வருஷம் களத்துல வேலை பாருங்க. மதுரை தானம் அறக்கட்டளை கண்மாய் வேலை பண்றாங்க, கோத்தகிரி கீஸ்டோன், சென்னை கேர் எர்த், எம்.எஸ். சுவாமிநாதன் நிறுவனம், இங்கெல்லாம் சம்பளம் அள்ளிக் குடுக்க மாட்டாங்க. ஆனா ஸ்காலர்ஷிப் இன்டர்வியூல "எங்க என்ன பாத்தீங்க"ன்னு கேக்கும்போது சொல்ல ஏதாவது இருக்கும். தமிழ்நாடு அரசு முதலமைச்சர் பசுமை ஃபெலோஷிப்னு ஒன்னு நடத்துது, மாவட்டத்துக்கு ஒருத்தர் போல கலெக்டரோட சேந்து வேலை, ரெண்டு வருஷம். நோட்டிஃபிகேஷன் வந்தா விடாதீங்க, அரசாங்கம் உள்ள எப்படி நகருதுன்னு, இல்ல ஏன் நகரலன்னு, வேற எந்த கிளாஸ்ரூம்லயும் தெரியாது.

அதே வருஷத்துல ஸ்கில் ஏத்துங்க. ஜிஐஎஸ் கத்துக்க க்யூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் இலவசம். ஆர் இல்ல பைத்தான், ஏதாவது ஒன்னு. இந்திய வானிலைத் துறை புனே ஆபீஸ் மழை டேட்டாவை கால் டிகிரி கட்டமா இலவசமா போட்டிருக்கு. உங்க மாவட்டத்துக் கட்டத்தை மட்டும் எடுத்து முப்பது வருஷத்துல வடகிழக்குப் பருவமழை நாள் கூடுச்சா குறைஞ்சுதா, ஒரே நாள்ல கொட்டுறது கூடுச்சான்னு ஒரு கிராஃப் போடுங்க. இந்த ஒரு கிராஃப் உங்க அப்ளிகேஷன்ல பத்து ஆன்லைன் சர்டிஃபிகேட்டை விட வெயிட்டா இருக்கும். கள சர்வேக்கு கோபோ டூல்பாக்ஸ் கத்துக்கோங்க, ரெண்டு நாள் வேலை. வளரும் நாடுகளோட திட்டங்களுக்குப் பணம் தர்ற அடாப்டேஷன் ஃபண்ட் வெப்சைட்ல திட்ட அறிக்கையெல்லாம் பொதுவுல இருக்கு, நபார்டு வங்கி வழியா தமிழ்நாட்டுலயும் ராஜஸ்தான்லயும் நடந்த நீர்ப்பிடிப்புத் திட்டத்தோடது கூட இருக்கு, அதை முழுசா படிங்க, பணம் கேக்குற அறிக்கை எப்படி எழுதுறாங்க, எங்க மழுப்புறாங்கன்னு புரியும்.

ஐஇஎல்டிஎஸ் பொதுவா 6.5, ஒவ்வொன்னுலயும் 6க்குக் குறையாம. ஒரு மாசம் போதும், அதுக்கு மேல டென்ஷன் ஆகாதீங்க.

எஸ்ஓபி

ஏன் இந்தப் படிப்பு வேணும்னு நீங்க எழுதிக் குடுக்குற கட்டுரைதான் எஸ்ஓபி. "சின்ன வயசுல இருந்தே எனக்கு இயற்கைன்னா உயிர்"னு ஆரம்பிக்கிற எஸ்ஓபியை அந்தக் கமிட்டி அன்னைக்கு நாப்பதாவது தடவை படிக்கும். பாரிஸ் ஒப்பந்தம் 2015ல வந்ததுன்னு அவங்களுக்கே விளக்குறதும் வேணாம். பூமி, மனிதகுலம், எதிர்காலச் சந்ததி எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு ஊர்ல நில்லுங்க.

இப்படிப் பாருங்க. 2023 டிசம்பர் 17, 18ல தாமிரபரணி வெள்ளம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நூத்துக்கணக்கான பேரோட மாட்டி நின்னுச்சு. நீங்க அந்தப் பக்கத்துக்காரர்னா எழுத வேண்டியது வெள்ளம் எவ்வளவு கொடுமைங்கிறது இல்ல, கேள்விய எழுதுங்க. எச்சரிக்கை எப்ப வந்துச்சு, அதுல இவ்வளவு மழைன்னு இருந்துச்சா, அது விஏஓ வரைக்கும் வந்துச்சா, அங்க இருந்து ஆத்தோர வாழைத்தோட்டத்துல இருந்தவருக்கு என்ன வார்த்தையா போச்சு, அவர் அதைக் கேட்டும் ஏன் நகரல. இதுல எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு, தெரியாதது ஆத்து வெள்ள மாடலிங்கும் சர்வே டிசைனும், உங்க கோர்ஸ்ல இந்த மாட்யூல் ரெண்டும் அதைத் தருது, முடிச்சிட்டு வந்து நான் இந்த வேலை பண்ணப்போறேன். அவ்வளவுதான் எஸ்ஓபி. ரெண்டு பக்கத்துல முடிச்சிடலாம்.

ரெக்கமெண்டேஷன் லெட்டருக்கு ஹெச்ஓடி பின்னாடி ஓடாதீங்க, பெரிய பதவில இருந்து வர்ற மொட்டை லெட்டரை விட உங்க புராஜெக்ட்டைக் கூட இருந்து பாத்த ஜூனியர் புரொஃபசரோ என்ஜிஓல உங்க மேனேஜரோ எழுதுறது எவ்வளவோ மேல். ஆறு வாரம் முன்னாடியே கேளுங்க, உங்க சிவி, எஸ்ஓபி டிராஃப்ட், டெட்லைன் மூணையும் ஒரே மெயில்ல அனுப்புங்க, ஒரு தடவை நினைவுபடுத்தினா கோச்சுக்க மாட்டாங்க.

மாசக் கணக்கு

அடுத்த செப்டம்பர்ல கிளாஸ் ஆரம்பிக்கணும்னா முந்தின வருஷம் மார்ச் ஏப்ரல்ல கேள்வியை முடிவு பண்ணுங்க, ஜூன் ஜூலைல ஐஇஎல்டிஎஸ், பாஸ்போர்ட், டிரான்ஸ்கிரிப்ட். டிரான்ஸ்கிரிப்ட்டை லேசா எடுத்துக்காதீங்க, சில யுனிவர்சிட்டில அது கைக்கு வர்றதுக்குள்ள தாவு தீந்துடும். ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் செவ்னிங், காமன்வெல்த், எபோஸ். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் எராஸ்மஸ், சுவீடன். ஏபிஎஸ் இதுக்கு நடுவுலயே போட்டு வச்சிடுங்க. இந்தியால படிக்கிறதுன்னா சியுஇடி பிஜி, கேட் ரெண்டுக்கும் குளிர்காலத்துக்கு முன்னாடியே ரெஜிஸ்ட்ரேஷன் பக்கம் கண் வைங்க. வெளிநாடு, உள்நாடு ரெண்டும் சேத்தே போடுங்க, ஸ்காலர்ஷிப் வரலைன்னா டிஸ் போறது தோல்வி ஒன்னும் இல்ல.

சேந்த பிறகும், வேலைக்கும்

தீசிஸ் நம்ம ஊர்ல பண்றதா இருந்தா டேட்டா பெர்மிஷனை முதல் செமஸ்டர்லயே ஆரம்பிங்க. அணைல எப்ப எவ்வளவு தண்ணி திறந்தாங்கங்கிற கணக்கு, ஆஸ்பத்திரி இறப்புப் பதிவு, இதெல்லாம் கேட்ட உடனே யாரும் எடுத்துக் குடுக்க மாட்டாங்க, யுனிவர்சிட்டி லெட்டர்ஹெட்ல சூப்பர்வைசர் கையெழுத்தோட ஒரு கடிதம், அது நகரலைன்னா ஆர்டிஐ. மனுஷங்ககிட்ட பேட்டி எடுக்கணும்னா எத்திக்ஸ் அப்ரூவல் வேணும், அதுக்கு ரெண்டு மூணு மாசம் போயிடும்.

வேலை எங்கன்னா, கொஞ்சம் நேர்மையா சொல்லணும், "அடாப்டேஷன் ஆபீசர்"னு போஸ்டிங் போட்டு யாரும் கூப்பிட மாட்டாங்க. நபார்டுதான் இந்தியால தேசியத் தகவமைப்பு நிதியத்தைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு, பசுமைக் காலநிலை நிதியத்துக்கும் அங்கீகாரம் வாங்கின அமைப்பு. அதைச் சுத்தி திட்டம் எழுதுறது, கண்காணிக்கிறதுன்னு கன்சல்டன்ட் வேலை ஓடும். ஜெர்மன் அரசோட ஜிஐஇசட், ஐநாவோட யுஎன்டிபி, உலக வங்கி திட்டங்கள்ல ஷார்ட் டெர்ம் கான்ட்ராக்ட், இருந்தா இருக்கும் இல்லைன்னா இல்ல. டபிள்யூஆர்ஐ இந்தியா, டெல்லி சிஇஇடபிள்யூ, பெங்களூரு சிஸ்டெப்ல ஆராய்ச்சி வேலை. தமிழ்நாட்டுல 2022ல காலநிலை மாற்ற இயக்கம் ஆரம்பிச்சதுல இருந்து பசுமை காலநிலை நிறுவனம், மாவட்ட அளவு வேலைன்னு முன்ன விட வாய்ப்பு கூடியிருக்கு, ஆனா அதுலயும் பாதி கான்ட்ராக்ட்தான். ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரில காலநிலை ரிஸ்க்கை வங்கிகள் வெளிய சொல்லணும்னு வரைவு விதி விட்டுச்சு, அதுக்கப்புறம் வங்கி, இன்ஷூரன்ஸ் பக்கம் வெள்ளம், வெப்ப ரிஸ்க் கணக்குப் போடத் தெரிஞ்சவங்களத் தேட ஆரம்பிச்சிருக்காங்க, ஜிஐஎஸ்சும் புள்ளியியலும் நல்லா வந்தா சம்பளம் அங்கதான்.

தீசிஸ் முடிச்சதும் அதை நாலு பக்கத் தமிழ்ல சுருக்கி, டேட்டா குடுத்த ஆபீசுக்கும் பேட்டி குடுத்த ஊர் பஞ்சாயத்துக்கும் ஒரு காப்பி குடுத்துட்டு வாங்க. அடுத்து அதே ஆபீஸ்ல டேட்டா கேட்டுப் போற பொண்ணுக்கோ பையனுக்கோ கதவு கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்.